ஸ்ப்ளெண்டரில் கார் ஆயில் ஊற்றிவிட்டேன், கிளட்ச் வழுக்குகிறது. இனி எந்த ஆயில் போடுவது?

மாயனூர்க்காரன்:
வணக்கம். 2012 ஸ்ப்ளெண்டர் பிளஸ், அப்பா ஓட்டியது, இப்போது என் கையில். 86 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் ஆயில் மாற்ற நாள் தள்ளிக்கொண்டே போனது, மச்சான் வீட்டில் காருக்கு வாங்கியதில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது, 5டபிள்யூ-30, முழு சிந்தெடிக். விலையைப் பார்த்ததும் நம் வண்டிக்கு ராஜ உபசாரம் என்று நினைத்து, பழையதை நானே இறக்கிவிட்டு மொத்தத்தையும் ஊற்றினேன். ஒரு வாரம் சத்தமே இல்லாமல் ஓடியது. அப்புறம் பின்னால் ஆள் உட்கார்ந்து பாலம் ஏறினால், முறுக்க முறுக்க இன்ஜின் மட்டும் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது.

மெக்கானிக் அண்ணன் கிளட்ச் பிளேட் போச்சு, நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊற்று என்கிறார். உதிரிபாகக் கடையில் 20டபிள்யூ-40 எடுத்துக் கொடுக்கிறார்கள். வண்டிப் புத்தகத்தில் 10டபிள்யூ-30 என்று இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

கிரீஸ்கை:
10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்கிற நம்பர்களைப் பற்றி அப்புறம் பேசலாம், உங்கள் சிக்கல் நம்பரில் இல்லை. காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். நம் பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு இழுவை போகும். மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சரக்கு பல கார் ஆயில்களில் கலந்திருக்கும், இன்ஜினுக்கு அது நல்லதுதான், ஆனால் பிளேட்டில் போய் உட்கார்ந்தால் பிடி விட்டுப்போகும்.

டப்பாவைத் திருப்பி முதுகைப் பாருங்கள். ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று (ஜாசோ என்பது ஜப்பானியத் தரக் குறியீடு) போட்டிருந்தால் அது கியர் பைக்குக்கு. ‘எம்பி’ என்றால் ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டருக்கு, அங்கே கிளட்ச் ஆயிலில் நனையாது. வீட்டில் ஸ்கூட்டரும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே டப்பா என்று வாங்கி வைக்காதீர்கள். ஏபிஐ என்கிற அமெரிக்கத் தர அமைப்பின் வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’, அதாவது எரிபொருளை மிச்சம் பிடிப்பது, என்று இருந்தால் பைக் பக்கமே கொண்டுபோக வேண்டாம். உங்கள் மச்சான் டப்பாவில் அது இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஊர்சுற்றி78:
நான் 14 வருடமாக 20-40தான் ஊற்றுகிறேன், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தகம் எழுதியவன் நம்ம ஊர் சித்திரை வெயிலைப் பார்த்திருக்கிறானா?

கிரீஸ்கை:
பார்த்திருக்கிறான் அண்ணே, வண்டி விற்றதே இங்கேதான். இந்த எண் விஷயத்தில் ஊரே குழம்பியிருக்கிறது. டபிள்யூ என்பது விண்டர், குளிர்காலம். 10டபிள்யூவுக்குச் சோதனை மைனஸ் 25 டிகிரியில், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15இல். நம் ஊரில் இரண்டும் வராது, ஆனால் காலையில் முதல் கிக்கில் ஆயில் மேலே வால்வைத் திறக்கும் ராக்கர் வரைக்கும் ஏற வேண்டுமே, இளகிய ஆயில் சீக்கிரம் ஏறும். பின்னால் வரும் எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பது. வெளியே வெயில் 41 ஆனால் என்ன, 28 ஆனால் என்ன, ஓடும் இன்ஜினுக்குள் ஆயில் அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொதிக்கிறது. காற்றில் குளிரும் இன்ஜின் என்பதால் வெயிலுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. தேய்ந்த பழைய இன்ஜின் ஆயிலைக் குடித்தால் 40க்கு ஏறலாம், உங்கள் வண்டிக்கு அது ஒத்துப்போயிருக்கிறது, அதுவும் எம்ஏ ஆயிலாகத்தான் இருக்கும். ஸ்ப்ளெண்டருக்கு 50 தேவையே இல்லை, பல்சர் 150க்கு அதைக் கம்பெனியே சொன்னது, அது வேறு இன்ஜின்.

செம்மண்புழுதி:
தம்பி, பிளேட் மாற்றுவதற்கு முன் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். லீவர் நுனியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். டைட்டாக வைத்திருந்தால் எந்த ஆயில் ஊற்றினாலும் வழுக்கும்.

இன்னொன்று, ஒரு லிட்டரையும் கவிழ்த்தீர்களா? இந்த வண்டிக்கு 900 மில்லி டப்பா விற்பதே அதற்காகத்தான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்துக் கொஞ்சம் பொறுத்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே வையுங்கள், திருகக் கூடாது, சும்மா வைத்து எடுங்கள். பாதிப் பேர் திருகிப் பார்த்துவிட்டு அளவு கூடுதல் என்று பயப்படுகிறார்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள், போல்ட் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். எம்ஏ ஆயில் ஊற்றி 300, 400 கிலோமீட்டர் ஓட்டி அதையும் இறக்கிவிட்டு மறுபடி புதிது. பிளேட்டில் ஒட்டியதை அது கழுவிக்கொண்டு போனாலும் போகும். இந்த இன்ஜினில் மாற்றுகிற காகித ஃபில்டர் கிடையாது, சல்லடையும் சுழலும் கிண்ணமும்தான், 86 ஆயிரத்தில் அதை யாராவது கழட்டிக் கழுவினார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். காலி டப்பாவை ஆணியால் குத்திவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எவனாவது கழிவு ஆயிலை நிரப்பி விற்பான்.

மாயனூர்க்காரன்:
20 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பந்தயத்தில் கிரீஸ்கை ஜெயித்தார், வட்டத்துக்குக் கீழே அதேதான் எழுதியிருக்கிறது. கேபிளில் ஆட்டமே இல்லை, தளர்த்தியதும் பாதி வழுக்கல் நின்றது. 10டபிள்யூ-30 எம்ஏ2 ஊற்றி 350 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றினேன். ஆள் இல்லாமல் சரியாகப் போகிறது, இரண்டு பேர் ஏறினால் நாலாவது கியரில் இன்னும் லேசாக வழுக்கல். கழட்டிப் பார்த்தோம், பிளேட்டுகள் கருகித் தேய்ந்திருந்தன, அப்பா காலத்துப் பிளேட்டாம். செட் மாற்றியாயிற்று. சுழல் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே கரும்பசை, விரலால் வழித்து எடுத்தோம்.

மெக்கானிக் அண்ணன் டப்பா முதுகைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “சரி, முப்பதையே ஊத்து, சத்தம் வந்தா என்னைக் கேட்காதே” என்றார். கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்கிறது. அடுத்த ஞாயிறு டாப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.