மறு: ‘கிரெய்ன்’ – துகளா, பரலா, குருணையா?

இருட்டரங்கு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

‘சஸ்பீரியா’ 4கே வட்டைப் பற்றிப் போன வாரம் எழுதிய குறிப்பில், “படத்தின் துகள் அப்படியே இருக்கிறது, இந்த வட்டின் சிறப்பே அதுதான்” என்று எழுதியிருந்தேன். மூன்று பேர் தனிமடலில் கேட்டுவிட்டார்கள்: துகள் இருந்தால் அது எப்படிச் சிறப்பாகும், துடைத்திருக்க வேண்டாமா? தப்பு அவர்கள் மேல் இல்லை. துகள் என்றால் தூசு என்றும் பொருள் உண்டு. சுருளில் ஒட்டிய தூசு போகத்தான் வேண்டும். நான் சொன்னதோ கிரெய்ன், அதாவது படச்சுருளின் ரசாயனத்திலேயே பிறந்து படமெங்கும் பொடிப்பொடியாகத் தெரிவது. அது போகவே கூடாது. போக வேண்டியதற்கும் இருக்க வேண்டியதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விமர்சனம் எழுதினால் இப்படித்தான் ஆகும். போதாக்குறைக்கு, எலெக்ட்ரானிக் கருவியால் வரும் ‘நாய்ஸ்’ ஒன்று இருக்கிறது. மூன்றையும் சேர்த்து “படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது” என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

மற்றப் படங்களில் இந்தக் குழப்பத்தைச் சமாளித்துவிடலாம், சஸ்பீரியாவில் முடியாது. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: டாரியோ அர்ஜெந்தோ இயக்கி 1977-ல் வந்த இத்தாலியப் படம். அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் ஜெர்மனியில் உள்ள நடனப் பள்ளிக்கு வந்து சேருகிறாள். பள்ளியை நடத்துகிறவர்கள் சூனியக்காரிகள். கதை அவ்வளவுதான். தொடக்கத்திலேயே ஒரு பெண்ணைக் குத்தி, கழுத்தில் சுருக்கோடு வண்ணக் கண்ணாடிக் கூரை உடைந்து தொங்கும்படி செய்கிறார்கள். இரத்தம் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல இருக்கும். அது வட்டின் கோளாறு இல்லை, இயக்குநர் கேட்டதே அதுதான். 1937-ல் வந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்து நிறம் வேண்டும் என்றுதான் அவரும் ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலியும் கிளம்பினார்கள். வண்ணத் துணியைச் சட்டத்தில் கட்டி, முகத்துக்கு வெகு அருகில் வைத்து, பின்னாலிருந்து பலத்த ஆர்க் விளக்கைப் பாய்ச்சியிருக்கிறார் தோவோலி.

இதில்தான் சிக்கல். சாதாரணப் படம் என்றால் நிறத்தைச் சரிபார்க்க முகத்தோல் இருக்கிறது, புல் இருக்கிறது, வானம் இருக்கிறது. இங்கே முகம் பச்சை, சுவர் செக்கச்செவேல், சன்னல் நீலம். எது அவர்கள் வைத்த மிகை, எது நிறம் திருத்தியவர் கைவரிசை என்று வெறும் கண்ணால் எப்படிச் சொல்வது?

1977-ல் திரையரங்குக்குப் போன பிரதி சாட்சி சொல்லும். படம்பிடித்தது சாதாரண ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவில்தான். மூன்று சுருள் ஓடும் டெக்னிகலர் கேமராவில் எடுத்தார்கள் என்று பலரும் எழுதுவது தவறு. ஆனால் பிரதிகள் ரோமில் டெக்னிகலர் லேபில் சாயம் ஏற்றும் முறையில் போடப்பட்டன. நெகட்டிவிலிருந்து மூன்று அச்சுச் சுருள்கள் எடுப்பார்கள். அவற்றில் ஜெலட்டின் மேடு பள்ளமாக நிற்கும். மஞ்சள், மெஜந்தா, சையன் என்று ஆளுக்கொரு சாயத்தில் தோய்த்து, வெற்றுச் சுருள்மேல் ஒன்றன்பின் ஒன்றாக, இம்மி பிசகாமல் அழுத்தி எடுப்பார்கள். துணியில் கட்டை அச்சுப் போடுகிற வேலைதான். ஹாலிவுட்டில் 1970-களின் நடுவிலேயே இதை மூட்டை கட்டிவிட்டார்கள். ரோமில் இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. அப்படி அச்சான கடைசிப் படங்களில் ஒன்று இது. அந்தச் சாயம் எளிதில் வெளுக்காது. ஆனால் நீங்களும் நானும் அந்தப் பிரதிக்கு எங்கே போவது?

ஆகவே நான் கிரெய்னைப் பார்க்கிறேன். நாயகி விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து, கொட்டும் மழையில் டாக்ஸியில் போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் முகத்தில் நிறங்கள் மாறி மாறி விழும். சிவப்பு விழும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். நிறத்துக்குள்ளே பொடிப்பொடியாக ஏதோ நெளிகிறது. அடுத்த பிரேமில் வேறு இடத்தில் நெளிகிறது. 2017-ல் டிஎல்இ நிறுவனம் மூல நெகட்டிவிலிருந்து, தோவோலியை அருகில் வைத்துக்கொண்டு செய்த 4கே மீட்டெடுப்பில் இது தெளிவாகத் தெரிகிறது. என்னிடம் உள்ள பழைய ப்ளூரே ஒன்றில் வெளிச்ச இருட்டு வேறுபாட்டைக் கன்னாபின்னாவென்று ஏற்றியிருக்கிறார்கள். நெற்றியில் வெளிச்சம் பட்ட இடம் வெள்ளைக் காகிதம். அங்கே நெளிவே கிடையாது. நெகட்டிவில் இருந்தது அந்த இடத்தில் நம்மிடம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். நிறத்தை நம்ப முடியாத படத்தில் இது ஒன்றையாவது நம்பலாம்.

சரி, இதற்கு ஒரு பெயர் வேண்டும். என் பட்டியல்: மணி, வெள்ளித்துகள், பரல். மூன்றிலும் எனக்குத் திருப்தி இல்லை.

லேப்காரன் எழுதியது:

தம்பி, நல்ல காரியம் எடுத்திருக்கிறீர்கள். கோடம்பாக்கத்தில் லேபில் இருந்த காலத்தில் “கிரெய்ன்ஸ் அடிக்குது” என்போம். கேமராமேன் காதில் விழாமல்தான் சொல்வோம். தமிழில் என்ன என்று யாரும் யோசித்ததில்லை.

வெள்ளித்துகளை முதலில் அடித்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைக்குத்தான் அது பொருந்தும். கலர் சுருளிலும் வெளிச்சத்தை வாங்குவது வெள்ளி உப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கழுவும்போது ஒவ்வொரு வெள்ளித் துணுக்கையும் சுற்றிச் சாயம் திரளும், பிறகு ப்ளீச்சில் வெள்ளி மொத்தமும் போய்விடும். மிஞ்சுவது சாயத் திட்டு மட்டும். நீங்கள் நாயகி கன்னத்தில் பார்த்த நெளிவு வெள்ளி இல்லை, வெள்ளி இருந்த இடம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாயம் ஏற்றிய பிரதியில் சாயம் ஜெலட்டினில் கொஞ்சம் பரவும். கிரெய்ன் அமுங்கித்தான் தெரியும். அன்றைக்கு ரோமில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர் நெகட்டிவைப் பார்க்கவில்லை. நீங்கள் 4கே வட்டில் பார்க்கிற அளவுக்கு அவர் கிரெய்னைப் பார்த்திருக்க மாட்டார். அப்புறம் எது அசல்?

டைட்டில் ஓடும் இடத்திலும் ஒரு காட்சி இன்னொன்றில் கரையும் இடத்திலும் கிரெய்ன் திடீரென்று தடித்துத் தெரியும். பழைய படங்களில் அது டூப் (நெகட்டிவிலிருந்து எடுத்த நகல்) எடுத்து ஒட்டிய பகுதி. அதையும் வட்டின் குறை என்று எழுதிவிடாதீர்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

என் வாக்கு பரலுக்கே. சிறியது, உருண்டையானது, கூட்டமாக இருப்பது, அசைந்தால் தெரிவது. கண்ணகி சிலம்பின் பரலைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் உண்டா? (நூலில் உள்ள சொல் ‘அரி’. பரல் என்பது நாம் விளக்கம் சொல்லும் சொல். யாராவது திருத்துவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) மணி வேண்டாம். “மணி நீக்கம்” என்றால் கோயில் மணியைக் கழற்றுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

நொய்யல்காரி எழுதியது:

பரல் அழகான சொல்தான் ஐயா, ஆனால் கடையில் கிடைக்காது. நான் வாரத்தில் நான்கு நாள் குருணை என்று சொல்கிறேன், பரல் என்று சொல்லிப் பத்தாம் வகுப்போடு சரி.

குருணையை ஏன் யாரும் யோசிக்கவில்லை? உடைத்த அரிசி குருணை. வயலுக்குப் போடும் மருந்திலும் குருணை மருந்து என்று தனியாகவே உண்டு. பொடியும் இல்லை, கல்லும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. லேப் ஐயா சொன்ன சாயத் திட்டும் அப்படித்தானே, ஒழுங்கில்லாத வடிவம்?

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தமிழில் ‘துகள்’, ‘புள்ளி’ என்றாலே குறை. குருணை குறை இல்லை. வீட்டில் வெண்ணெய் உருக்கினால் ஆறியதும் குருணை குருணையாக உறைந்திருக்கிறதா என்றுதான் மாமியார் பார்ப்பார். வழவழவென்று இருந்தால் பதம் தப்பிவிட்டது, இல்லை கடையில் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வரும். நீங்கள் கிரெய்னுக்குச் சொல்லும் இலக்கணமும் இதுதானே?

குருணை என்று வைத்தால் மற்றதும் தானாக வரும். கிரெய்னைக் கருவி வைத்து எடுத்துவிடுகிறார்களே, அந்த டிஎன்ஆர் வேலை, அதற்கு ‘சலித்தல்’. 1987-ல் வந்த ‘பிரெடேட்டர்’ படத்தின் 2010 ப்ளூரேயில் அர்னால்டு மெழுகுப்பொம்மை மாதிரி இருப்பாரே, அது சலித்த படம். பார்க்கிறவருக்கும் சலித்துவிடும், இரண்டு பொருளும் சரியாக வருகிறது.

இருட்டரங்கு எழுதியது:

நெய் உவமை என் வாயை அடைத்துவிட்டது. குருணைக்கே நானும். பட்டியலில் இப்படி எழுதி வைக்கிறேன்: சுருளின் ரசாயனத்திலேயே பிறந்து, பிரேமுக்குப் பிரேம் மாறுவது குருணை, ஸ்கேனரிலோ டிஜிட்டல் கேமராவிலோ மின்னணுவால் வருவது இரைச்சல், வெளியிலிருந்து ஒட்டியது தூசு. இரைச்சல் ஏற்கெனவே பொறியியல் தமிழில் புழங்குகிறது, அதைக் கலைக்க வேண்டாம்.

சலித்தலில் மட்டும் ஒரு நெருடல். மாவு சலித்தால் கப்பி போய் நல்ல மாவு கீழே நிற்கும். இங்கே குருணையோடு சேர்ந்து தோலின் துளை, துணியின் இழை, கண்ணிமை எல்லாம் போய்விடுகிறது. கெட்டது போய் நல்லது நிற்கவில்லை. ‘மழித்தல்’ எப்படி? இல்லை, சலிப்பின் இரட்டைப் பொருளை விடவும் மனம் வரவில்லை. இரண்டையும் வைக்கிறேன், எது நிற்கிறது என்று பார்ப்போம்.

லேப் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். ஒப்புக்கொள்கிறேன்: 1977-ல் பார்த்தவர் கண்ட படத்துக்குக் குருணை சாட்சி இல்லை. நெகட்டிவிலிருந்து வட்டு வரை வழியில் யாரும் துடைக்கவில்லை, பொசுக்கவில்லை என்பதற்கு மட்டும் அது சாட்சி. நிறத்துக்குப் பழைய பிரதியும் எடுத்தவரின் ஒப்புதலும்தான் வேண்டும். ஆனால் ஒப்புதலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை. ‘பிரெஞ்சு கனெக்‌ஷன்’ படத்தின் 2009 ப்ளூரேயில் இயக்குநர் வில்லியம் பிரீட்கினே நிறத்தை வெளுத்து வேறாக்கினார், ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் பொதுவெளியில் கடிந்துகொண்டார். 2012-ல் வேறு வட்டு போட வேண்டியதாயிற்று. எடுத்தவர்கள் இருவரும் உயிரோடு இருந்து, ஆளுக்கொன்று சொன்னால் நாம் எந்தப் பக்கம்? சஸ்பீரியாவில் தோவோலி உட்கார்ந்திருந்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன், அதற்கு மேல் சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொரு சொல் பாக்கி. குருணையைச் சுருக்குவது கஷ்டம். ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக இருப்பதால் இணையத்தில் அனுப்ப இடம் நிறையத் தின்னும். நான் ஓர் ஓடிடியில் பார்த்தபோது சிவப்புச் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. இதற்காக ஏவி1 என்ற வீடியோ சுருக்கும் முறையில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: அனுப்பும் முன் குருணையை எடுத்துவிட்டு, அது எந்த மாதிரி இருந்தது என்ற குறிப்பை மட்டும் அனுப்புவது, உங்கள் வீட்டுப் பெட்டி அந்தக் குறிப்பைப் பார்த்துப் புதிதாகத் தயாரித்து மேலே போட்டுக்கொள்ளும். இதற்கு ‘தூவிய குருணை’ என்கிறேன். சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ தூவுவது போலத்தான், வெந்ததில் சேராது. ஆட்சேபணை உண்டா?

பழைய குறிப்பில் துகளை எடுத்துவிட்டுக் குருணை என்று திருத்திவிட்டேன்.

லேப்காரன் எழுதியது:

தூவியது சரி, ஆட்சேபணை இல்லை. சாயம் ஏற்றிய பிரதிக்கும் ஒரு சொல் வேண்டும் தம்பி, ஒவ்வொரு முறையும் இவ்வளவு நீட்டி எழுத முடியவில்லை. ‘தோய்ப்பிரதி’ என்று எழுதிப் பார்த்தேன், நானே இரண்டு முறை படித்த பிறகுதான் புரிந்தது. வேறு யோசியுங்கள்.

நேற்று ராத்திரி பேரன் வீட்டில் அந்த வட்டைப் போடச் சொன்னேன். டாக்ஸி காட்சியில் கன்னம் பளிங்கு மாதிரி இருந்தது, நீங்கள் சொன்ன நெளிவு ஒன்றும் காணோம். உங்களைத் திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு டிவியின் பட அமைப்பைத் திறந்து பார்த்தால் ‘இரைச்சல் குறைப்பு’ உச்சத்தில் இருக்கிறது. கடையிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொடவில்லை போலிருக்கிறது. அணைத்தேன். குருணை வந்துவிட்டது, சிவப்பில் ஒரு தினுசு, நீலத்தில் ஒரு தினுசு. பக்கத்தில் இருந்த பேரன் “என்ன தாத்தா, படத்தைக் கெடுத்துட்டீங்க” என்கிறான்.