கிரேடட் ரீடருக்குப் 'படிநிலைக் கதை' பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் புதிதாகக் கற்போருக்கென வரையறுத்த சொற்களைக் கொண்டு எழுதப்படும் 'கிரேடட் ரீடர்' கதைகளைச் 'சுருக்கக் கதை' எனலாம் என்று முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாவலைப் பாதியாக வெட்டிய பின்னும் 'ரிலிங்குவிஷ்' (கைவிடு) என்ற கடினச் சொல் அதில் அப்படியே நிற்கலாம். இவ்வகைக் கதையிலோ அது 'கிவ் அப்' என்று மாறியாக வேண்டும், தொடக்கப் படியாயின் சிக்கலான கலப்புத் தொடர்களும் விலக வேண்டும். மேலும், இவற்றுள் பல, மூலநூல் எதுவுமின்றி நேரடியாகவே எழுதப்படுபவை.

'துணைப்பாடம்' நம் பள்ளிகளில் தேர்வுக்குரிய பகுதியாக ஊன்றிவிட்டதால் அதைத் தொட வேண்டாம்.

'தரப்படுத்திய நூல்' அகராதிப்படி சரிதான். ஆனால் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தரம் பிரிப்பது என்றால் உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் பிரிப்பது. முதற்படிக் கதை தாழ்ந்த சரக்கு அன்று. போதாக்குறைக்கு, திருப்பூரில் 'தரப்படுத்திய நூல்' என்று கேட்டால், எத்தனையாம் நம்பர் என்று திருப்பிக் கேட்பார்கள்.

இந்த வகையின் உயிர்நாடி, சொல்லெண்ணிக்கையால் வகுத்த படிகளே. 1920களில் டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கான வாசிப்பு நூல்களில் புதுச்சொற்களை அளந்து புகுத்தி, அவற்றைத் திரும்பத் திரும்ப வரச்செய்தார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2000 தலைச்சொற்கள் (ஒரு சொல்லின் பல வடிவங்களையும் ஒன்றாக எண்ணும் தலைப்புச் சொற்கள்) இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் புக்வார்ம்ஸ் வரிசையில் முதற்படிக்கு 400, இரண்டாம் படிக்கு 700, ஆறாம் படிக்கு 2500 தலைச்சொற்கள் என்று வகுத்திருக்கிறார்கள். ஆகவே 'படி' என்பது பெயரிலேயே இருக்க வேண்டும்.

'படிக்கதை' எனச் சுருக்கலாம். ஏறும் படி, வாசிக்கும் படி இரண்டும் அதில் ஒலிக்கும். ஆனால் அரசு ஊழியர் காதில் பஞ்சப்படியும் பயணப்படியும்தான் முதலில் விழும் என்பதால், 'படிநிலைக் கதை' என்பதையே பரிந்துரைக்கிறேன். 'இது மூன்றாம் படிக் கதை' என்று நூலகத்தில் இயல்பாகச் சொல்ல வரும். வாழ்க்கை வரலாறு போன்ற புனைவல்லாதவற்றுக்குப் 'படிநிலை வாசிப்பு' போதும்.

மேலே 'ஹெட்வேர்ட்' என்பதற்குத் 'தலைச்சொல்' என்று எழுதியுள்ளேன். 'வேர்ச்சொல்' என்பாரும் உண்டு. ஆனால் 'கோ', 'கோயிங்', 'வென்ட்' ஆகிய மூன்றும் இங்கே ஒரே தலைப்பின்கீழ் எண்ணப்படுகின்றன, 'வென்ட்' பிறந்த வேரோ வேறு. கோபியிலும் பொள்ளாச்சியிலும் வகுப்பெடுக்கும் ஆசிரிய நண்பர்கள், 'படிநிலைக் கதை', 'தலைச்சொல்' ஆகிய இரண்டையும் மாணவரிடையே புழங்கிப் பார்த்து எழுத வேண்டுகிறேன்.