மறு: அப்டமருக்குத் தமிழ்ச் சொல்: பொருந்திழையா, பற்றிழையா?

ஹட்டனிலிருந்து:
அப்டமர் என்பது ஒரு குறித்த மூலக்கூறை மட்டும் பற்றிக்கொள்ளும்படி மடியும் குறுகிய சங்கிலி, பெரும்பாலும் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழை. நம் கையேட்டுக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் வேண்டும். 1990இல் எல்லிங்டனும் சொஸ்டாக்கும் அதற்குப் பெயரிட்டபோது ‘பொருந்திய’ என்னும் இலத்தீன் சொல்லைத்தான் வேராகக் கொண்டார்கள். ஆகவே ‘பொருந்திழை’. உயர்தர மாணவருக்குச் சொன்னவுடன் விளங்கும்.

பேராதனையிலிருந்து:
டீச்சர், தனியே நிற்கையில் நல்ல சொல்தான். உணரிக்குள் வைத்தால் இடிக்கிறது. துரொம்பின் என்னும் இரத்த உறைவுப் புரதத்தைக் கண்டறியும் உணரியை எடுங்கள். புரதத்தைப் பற்றும் பகுதி 15 மூலங்கள் (டி.என்.ஏ. எழுத்துகள்). அதற்கு முன்னால் ஒரு நீட்சி, நீட்சியின் நுனியில் புளோரசீன் என்னும் ஒளிரும் சாயம். (நேரே குவானின் என்னும் மூலத்தில் ஒட்டினால் குவானினே ஒளியைத் தணித்துவிடும்.) நீட்சியோடும் பற்றும் பகுதியின் முதற்சில மூலங்களோடும் சோடி சேர்ந்து நிற்பது இன்னொரு குறு இழை, அதன் நுனியில் டப்சில் என்னும் தணிப்பி, அதாவது அருகிலுள்ள சாயத்தின் ஒளியை அடக்குவது. துரொம்பின் வந்ததும் அப்டமர் மடிந்து அதைப் பிடிக்கும், குறு இழை கழலும், 495 நானோமீற்றர் ஒளியால் அருட்டினால் 520 அளவில் பச்சை ஒளி கூடும்.

இதில் மூலத்துக்கு மூலம் ‘பொருந்துவது’ குறு இழைதான்! மாணவர் அதையே அப்டமர் என்று எழுதுவார். அப்டமர் ‘பற்றிழை’, மற்றது ‘இணையிழை’ என்றால் குழப்பமில்லை.

நுவரெலியாவிலிருந்து:
பற்றிழைக்கே என் ஆதரவு. ஆனால் கையேட்டு வரைவில் ‘அறை வெப்பநிலையில் வைக்கவும்’ என்றிருப்பதை மாற்றியே ஆக வேண்டும். இங்கே காலையில் அறை 15 பாகைதான். அந்தக் குளிரில் இணையிழையின் சோடி இறுகிவிடும்; புரதம் இருந்தும் ஒளி மெல்லத்தான் ஏறும், செறிவு குறைவென்று தவறாக வாசிப்போம். 25 பாகை நீர்த்தொட்டி என்று எழுதுங்கள், நியம வளையிக்கும் (தெரிந்த செறிவுகளைக் கொண்டு வரையும் ஒப்பீட்டு வளையி) மாதிரிக்கும் ஒன்றே. பற்றிழை 100 நானோமோலார், இணையிழை அதன் இரு மடங்கு. 90 பாகையில் 5 நிமிடம் சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். பீஎச் மாறாமல் காக்கும் தாங்கற்கரைசலில் 5 மில்லிமோலார் பொற்றாசியம் குளோரைட்டு கட்டாயம். பொற்றாசியம் இல்லாவிட்டால் குவானின் மடிப்பு உறுதியாக நிற்காது. பீஎச் 7.4க்குக் கீழே இறங்கினால் புளோரசீனும் மங்கும். மூலங்களின் வரிசை குலைத்த இழையொன்றைக் கட்டுப்பாடாக வைக்காமல் எந்த ஏற்றத்தையும் நம்பக் கூடாது.

ஹட்டனிலிருந்து:
இணையிழை பற்றிய மறுப்பு சரியானதே, ஏற்கிறேன். ஒரு கேள்வி: பெப்தைட்டாலான அப்டமர்களும் உண்டே, அவற்றையும் இழை எனலாமா?

பேராதனையிலிருந்து:
எனலாம் டீச்சர், பெப்தைட்டும் சங்கிலிதானே. ‘பெப்தைட்டுப் பற்றிழை’ என்று அடைகொடுத்தால் போதும். ‘செயற்கைப் பிறபொருளெதிரி’ என்பதை மட்டும் வரைவிலிருந்து எடுத்துவிடுவோம். பிறபொருளெதிரி புரதம், இது பெரும்பாலும் நியூக்கிளிக்கமிலம்.