மெக்ளின்டாக்கின் சுழற்சிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி அறிவியல் மலருக்காக மரபியல் அறிஞர் பார்பரா மெக்ளின்டாக் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத்தின் பத்துக் குரோமோசோம்களையும் அடையாளம் கண்டது, 1931இல் ஹாரியட் கிரைட்டனுடன் குறுக்கேற்றத்தை (குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை) நிரூபித்தது வரை எழுதியாயிற்று. மிசௌரியில் இருந்தபோது அவர் விளக்கிய 'பிரேக்கேஜ்-ஃபியூஷன்-பிரிட்ஜ் சைக்கிள்' வந்ததும் பேனா நின்றுவிட்டது.

நடப்பது இதுதான். முனை போன குரோமோசோம் இரட்டித்ததும் புண்பட்ட இரண்டு முனைகளும் ஒட்டிக்கொள்கின்றன. இப்போது ஒரே குரோமோசோமில் இரண்டு சென்ட்ரோமியர், அதாவது செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம். செல் பிரியும்போது அவை எதிரெதிர்த் துருவங்களுக்கு இழுக்க, நடுப்பகுதி பாலமாக நீண்டு அறுந்துபோகிறது. இரண்டு சேய் செல்களுக்கும் மறுபடி முனை போன குரோமோசோம்தான்.

'உடைவு-இணைவு-பாலச் சுழற்சி' சரியாக வருமா?

செ.

*

அன்புள்ள அம்மா,

உடைவு பொருந்தாது. பானை உடையும், கொம்பு முறியும், கயிறு அறும். விளக்கம் சொல்லும்போது நீங்களே 'அறுந்துபோகிறது' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

நற்றிணை 284ஐ எடுத்துப் பாருங்கள். பொருள் தேடப் போன தலைவனை நெஞ்சம் வீட்டுப் பக்கம் இழுக்கிறது, அறிவு வினையின் பக்கம் இழுக்கிறது. இரண்டு களிறுகள் மாறி மாறிப் பற்றிய 'தேய்புரிப் பழங்கயிறு' போல என் உடம்பு அழிய வேண்டியதுதானா என்கிறான். அந்த உவமையே புலவருக்குப் பெயராகவும் ஆயிற்று. குரோமோசோமை நிறப்புரி என்கிறவர்கள் நாம். அந்தப் புரி, அதாவது கயிற்றின் இழை, இங்கேயும் இருக்கிறது, இருபுறமும் இழுபடுகிறது.

என் பரிந்துரை 'அறுபுரிச் சுழல்'. அறுபுரி வினைத்தொகை: அற்ற புரி, அறுகின்ற புரி, அறும் புரி. ஒவ்வொரு செல் பிரிவிலும் திரும்ப நிகழ்வதற்கு முக்காலமும் வேண்டும். முறிவு என்பவர்கள், முறி என்றால் தளிர் என்றும் பொருள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

இரா.மு.

*

ஐயா, அந்த உவமை அருமை. ஆனால் அறுமுகமும் அறுசுவையும் தெரிந்த பிள்ளை அறுபுரியை ஆறு புரி என்றுதான் வாசிக்கும்.

இன்னொன்று. இந்த வேலையின் வேர் எக்ஸ் கதிரில் இருக்கிறது. லூயிஸ் ஸ்டாட்லர் எக்ஸ் கதிர் பாய்ச்சிய மக்காச்சோளத்தின் குரோமோசோம்களை மெக்ளின்டாக் 1931இலேயே ஆராய்ந்தார். கதிர் பட்டுத் துண்டாவதில் இழுபறி எதுவும் இல்லை. இருந்தும் இரண்டு சேதத்துக்கும் அவர் ஒரே சொல்லைத்தான் வைத்தார். எப்படிப் போனாலும் புது முனை ஒட்டும், இயல்பான முனை ஒட்டாது. சாரமே அதுதான். ஹெர்மன் முல்லரும் பழ ஈக்களில் இதே முடிவுக்கு வந்து, 1938இல் அந்த இயல்பான முனைக்கு டீலோமியர் என்று பெயரிட்டார். இரண்டு சேதத்துக்கும் பொதுவாக 'முறிவு' போதும். எலும்பு முறிவு தெரியாதவர் யார்?

'இணைவு' வேண்டாம். குன்றல் பகுப்பில் (பாலணுக்களை உண்டாக்கும் செல் பிரிவில்) ஒத்த குரோமோசோம்கள் இணைசேர்வதோடு குழம்பும். 'ஒட்டு' என்றே போடலாம்.

அப்புறம், சோள மணியை விட்டுவிடாதீர்கள் டீச்சர். கருவுக்கு உணவாகும் பகுதியான கருவூணில் சுழற்சி ஓயாமல் நடக்கும். நிற ஜீன் அறுபட்டுப் போன செல்களின் வழிவந்த இடமெல்லாம் வெளிறிய திட்டாகத் தெரியும். அதே மணியின் கருவிலோ முனை ஆறிவிடும். மணியின் மேலே தெரிந்த திட்டை வைத்து உள்ளே குரோமோசோமுக்கு நேர்ந்ததை அவர் படித்தார்! 9ஆம் குரோமோசோம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முறிவதைத் துரத்திப் போய்த்தான் தாவும் ஜீன்களைக் கண்டார். 1983இல் நோபல் கிடைத்தபோது வயது 81.

ஜெ.

*

யாழ்ப்பாணத்துப் பாடநூல்களில் நாங்கள் குரோமோசோமை நிறமூர்த்தம் என்றே படித்தோம். மலரில் அதையும் ஓரிடத்தில் குறிப்பிடுங்கோ. முறிவுக்கு என் ஆதரவு.

த.

*

எல்லோருக்கும் நன்றி. 'முறிவு-ஒட்டு-பாலச் சுழற்சி' என்றே அனுப்புகிறேன். நீளம்தான், ஆனால் மூன்று படியும் பெயரிலேயே இருக்கிறது. நிறமூர்த்தம் முதல் பத்தியில் வருகிறது. நற்றிணைக்கு இடம் இல்லை ஐயா, மன்னிக்கவும்.

செ.

*

அம்மா, எனக்கு உடன்பாடு இல்லை. இழுபட்டுப் போவதும் கதிர் பட்டுப் போவதும் ஒரே சொல்லுக்குள் வந்தால், பாலம் எப்படிப் போகிறது என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகும். படத்தின் கீழாவது 'இருபுறமும் இழுபட்டு அறும் பாலம்' என்று போடுங்கள்.

டீலோமியரை அப்படியே விடுவதும் சரியில்லை. 'முனைப்பூண்' பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

இரா.மு.