கலைச்சொல்: மறுகட்டமைப்பா, ரசமேற்றலா?

வணக்கம் நண்பர்களே,

லினக்ஸின் வட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் நம் வேலைக்கு நேற்று வந்த பரிந்துரையிலிருந்து தொடங்குகிறேன்.

> ரீபில்ட், ரீசிங்க், ரெக்கவரி மூன்றுக்கும் 'மறுகட்டமைப்பு' போதும். படிப்பவருக்கு ஒரே சொல் இருந்தால் எளிது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரே தரவைக் கண்ணாடிப் பிம்பம்போல இரண்டு வட்டுகளில் வைப்பது ரெய்டு 1 முறை. அப்படி இரட்டையாக வைத்த வட்டுப் பிரிவுகளில் நடப்பது ஒரே வேலை அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் மின்சாரம் போய் என் கணினி பாதியில் நின்றுவிட்டது. திரும்பக் கிளப்பியதும், வட்டுகளின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பார்த்தேன். சதுர அடைப்புக்குள், வட்டு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் 'யூ' எழுத்து இரண்டும் அப்படியே இருந்தன. பக்கத்தில் 'ரீசிங்க்' ஓடிக்கொண்டிருந்தது. என் தோழி எட்டிப் பார்த்து, "எந்த வட்டு போச்சு?" என்று கேட்டாள். எதுவும் போகவில்லை. இரண்டு வட்டும் நலம். ஒன்றில் எழுதி முடித்து மற்றதில் எழுதுவதற்குள் மின்சாரம் போயிருக்கலாம் என்பதால், லினக்ஸ் ஒரு வட்டில் இருப்பதை அப்படியே மற்றதில் எழுதி இரண்டையும் ஒன்றுபோல ஆக்குகிறது. அவ்வளவுதான். அதில் எது புதியது, எது பழையது என்று அது ஆராய்வதில்லை. திரையில் 'மறுகட்டமைப்பு' என்று தமிழில் வந்திருந்தால், தோழியைப் போலவே யாரும் ஏதோ இடிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பதறிப்போய் நல்ல வட்டைக் கழற்றுபவரும் இருப்பார்.

வட்டு உண்மையிலேயே பழுதாகி, அதன் இடத்தில் புது வட்டைப் பொருத்தினால் கதை வேறு. அப்போது ஒரு 'யூ' இருந்த இடத்தில் அடிக்கோடு நிற்கும், சொல்லும் 'ரெக்கவரி' என்று மாறும். மூல நிரலே இரண்டையும் பிரித்துக் காட்டும்போது, மொழிபெயர்க்கிற நாம் ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும்?

'மீட்பு' என்ற சொல்லையும் ஒருவர் முன்வைத்திருந்தார். அழிந்த கோப்பைத் திரும்ப எடுப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. இங்கே போட்டால், தொலைந்த கோப்பு வந்துவிடும் என்று ஒருவர் காத்திருப்பார்.

சரி, என் பரிந்துரை. 'ரீசிங்க்' என்பதற்கு 'மறுஒத்திசைவு' இருக்கட்டும், பழகிய சொல். புது வட்டில் நடக்கும் 'ரெக்கவரி' என்பதற்கு 'ரசமேற்றல்'.

இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இதற்கு 'ரீசில்வர்' என்று பெயர். கண்ணாடியின் பின்புறத்தில் வெள்ளிப் பூச்சைப் புதுப்பிப்பதைக் குறிக்கும் சொல் அது. நம்மிடம் அதற்கு நேரான வழக்கு வெகுகாலமாக இருக்கிறது: முகம் தெரியாமல் மங்கிப்போனால் 'ரசம் போன கண்ணாடி' என்கிறோம். வெள்ளிப் பூச்சு முறை 1835இல் வருவதற்கு முன் பாதரசமும் வெள்ளீயமும் கலந்துதான் கண்ணாடிக்குப் பூசினார்கள். நம் சொல்லில் அந்தப் பாதரசமே தங்கிவிட்டது. பிம்பம் காட்ட வேண்டிய வட்டு வெறுமையாக நிற்கிறது, அதற்கு மீண்டும் ரசம் ஏற்றுகிறோம். படிக்கிறவர் மனதில் படம் உடனே விழும். மெருகேற்று, பதிவேற்று என்ற வரிசையில் வினையாகவும் இயல்பாக நிற்கிறது: '37% ரசமேற்றியாயிற்று.' ரசம் என்பதற்கு வேறு பொருள்களும் உண்டே என்று ஆட்சேபம் வரலாம். வட்டு, பிம்பம் என்ற சொற்களின் நடுவே வரும்போது குழப்பம் இருக்காது என்று நம்புகிறேன்.

அடுத்தது எனக்கு மிகவும் வேண்டிய சொல். மறுஒத்திசைவை வேகமாக முடிக்க உதவுகிற 'ரைட் இன்டென்ட் பிட்மேப்', லினக்ஸ் 2.6.13 முதல் இருக்கிறது. ஒரு பகுதியில் எழுதுவதற்கு முன்பே 'இங்கே எழுதப்போகிறேன்' என்று ஒரு பிட்டைக் குறித்துவைக்கும். எழுதி முடித்து அந்தப் பகுதி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் குறியை எடுத்துவிடும். கணினி திடீரென்று நின்றால், குறி உள்ள பகுதிகளை மட்டும் ஒத்திசைத்தால் போதும். 2 டெராபைட் பிரிவு முழுவதையும் நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். பகுதி ஒன்று 64 மெகாபைட் என்று வைத்து, 40 குறிகள் மட்டும் இருந்தால் அரை நிமிடத்துக்குள் முடியும். கழன்றுபோன அதே வட்டைத் திரும்பச் சேர்த்தாலும் இந்தக் குறிகள் உதவும், ஏனென்றால் அது இல்லாத நேரத்தில் எந்தக் குறியும் அழிக்கப்படுவதில்லை. எழுதும் வேகம் சற்றுக் குறையும் என்பதுதான் விலை.

இதை 'எழுத்து நோக்கப் பிட்வரைபடம்' என்று ஓர் ஆவணத்தில் பார்த்தேன். மூன்று முறை படித்தும் எனக்கே விளங்கவில்லை. 'முன்குறிப்பேடு' என்று வைக்கலாமா? எழுதும் முன் குறிக்கும் ஏடு. பிட் என்பது பெயரில் தெரிய வேண்டியதில்லை, அது உள் வேலை.

இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்கிறேன். தனிச் சொல்லாகத் தராமல் இந்த வரியில் பொருத்தி அனுப்புங்கள், திரையில் இப்படித்தான் வரப்போகிறது: 'முன்குறிப்பேட்டின்படி 40 பகுதிகள் மட்டும் ஒத்திசைக்கப்படுகின்றன; இரு வட்டுகளும் நலம்.'