டயபெட்டிக் ரெட்டினோபதி: ‘விழித்திரைக் குழற்கேடு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நீரிழிவால் விழித்திரை கெடும் நோய்தான் டயபெட்டிக் ரெட்டினோபதி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: நீரிழிவு விழித்திரை நோய், விழித்திரைச் சிதைவு, விழித்திரை நாள நோய். அடுத்த மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறையில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். துண்டறிக்கை எழுதுவது என் பொறுப்பு. அதனால் இந்தச் சொல் எனக்கு உடனே வேண்டும்.

எங்கள் பக்கம் மக்கள் சொல்வது வேறு. “சுகர் கண்ணுக்கு ஏறிடுச்சு” என்பார்கள், இல்லையென்றால் “கண் நரம்பு வீக்காயிடுச்சு” என்பார்கள். இந்த இரண்டாவது பேச்சுதான் என்னை உறுத்துகிறது. ஊசி போடும்போது “நரம்பு கிடைக்கல” என்று சொல்வது ரத்தக்குழாயை. கை மரத்துப்போனால் “நரம்புத் தளர்ச்சி” என்பது உண்மையான நரம்பை. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். என் பெரியம்மாவுக்கு வலக்கண்ணில் கறுப்பு இழைகள் மிதப்பதுபோல் தெரிந்தபோது, ஒரு மருந்துக்கடையில் அதை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏழு மாதம் அதைச் சாப்பிட்டார். ஒரு நாள் காலை அந்தக் கண் முழுக்க இருட்டிவிட்டது. உள்ளே புதிதாக முளைத்திருந்த மெல்லிய குழல்கள் உடைந்து விழிக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. மிதந்த அந்த இழைகளும் ரத்தக் கசிவுதான் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆகவே நான் தேடும் சொல், கேட்டவுடனே ‘குழாய்’ என்று மனத்தில் பதிய வேண்டும். நடப்பதும் அதுதான். பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் விழித்திரையின் மிக நுண்ணிய குழல்களுக்குச் சுவர்பிடித்து நிற்கும் செல்கள் அழிகின்றன. சுவர் அங்கங்கே புடைக்கிறது, நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழல்கள் அடைபட்டுப் போகின்றன. சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்தால் கடைசித் தென்னை வாடுவதை இங்கே பார்க்காதவர் இல்லை. விழித்திரையில் இன்னொன்றும் நடக்கிறது: ரத்தம் கிடைக்காத பகுதி புதுக் குழல்களை முளைக்கவைக்கிறது. அவை நோஞ்சான் குழல்கள், எளிதில் உடைபவை. இவ்வளவுக்கும் தொடக்கத்தில் வலி இல்லை, பார்வையும் மங்குவதில்லை.

இதே கேடு அதே காலத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டிக் குழல்களிலும் நடந்துகொண்டிருக்கலாம். அதை நேரில் பார்க்க வழியில்லை. கண்ணில் மட்டும் வழியுண்டு. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை வெளியிட்டது முதல், உடலைக் கீறாமல் ஒரு மனிதரின் ரத்தக்குழல்களை மருத்துவர் நேராகப் பார்க்க முடிகிறது. ரத்த அழுத்தம் இதில் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். 1998இல் வெளிவந்த பிரிட்டன் நீரிழிவு ஆய்வில், அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை மோசமாவது 34 சதவீதம் குறைந்தது, பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. கண்ணுக்கென்று தனி மாத்திரை கொடுக்கவில்லை. குழாயைக் காத்ததில் கண்ணும் மூளையும் சேர்ந்தே பிழைத்தன.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘சிதைவு’ முதுமையில் வரும் மஞ்சள் புள்ளிச் சிதைவுக்குப் போய்விட்டது. ‘நாளம்’ நல்ல சொல், ஆனால் பள்ளிப் பாடத்தில் ‘நாளமில்லாச் சுரப்பி’ இருக்கிறது. இன்சுலின் நாளமில்லாச் சுரப்பியில் சுரக்கிறது என்று நானே 28 ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். அதே பிள்ளைகளிடம் ‘நீரிழிவு நாள நோய்’ என்றால் நிச்சயம் குழம்புவார்கள். மிக நுண்ணிய ரத்தக்குழாயைக் குறிக்கும் ‘தந்துகி’ தேர்வுத்தாளைத் தாண்டி வெளியே வரவில்லை.

‘குழல்’ என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். மலையாளத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்குக் ‘குழல்க்கிணர்’ என்றுதான் பெயர். சொத்தைப் பல்லைக் ‘கேடாய பல்லு’ என்கிறார்கள். ‘குழற்கேடு’ என்று எழுதினால் தமிழ் வீட்டிலும் புரியும், பக்கத்து மலையாள வீட்டிலும் பாதிக்குமேல் புரியும். விழித்திரைக் குழற்கேடு, சிறுநீரகக் குழற்கேடு என்று ஒரே வேரிலிருந்து நீளவும் செய்யும்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

– – –

ஆந்திராவின் நகரியிலிருந்து மறுமொழி:

டீச்சருக்கு வணக்கம். கண் மருத்துவன் என்ற முறையில் இரண்டு தடைகளைச் சொல்கிறேன். ரெட்டினோபதி எல்லாமே குழலில் வருவதில்லை. மூட்டுவாதத்துக்கு நீண்டநாள் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுப்பவர்களுக்கு வருவது விழித்திரைச் செல்களையே தாக்குவது. அதைக் குழற்கேடு என்றால் தவறு. அடுத்து, விழித்திரையே நரம்புத் திசு. நீரிழிவில் அதன் நரம்புச் செல்களும் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகின்றன என்பது இன்றைய புரிதல். உங்கள் ஊர்க்காரர்கள் ‘கண் நரம்பு’ என்பதில் சிறிது உண்மை இருக்கிறது.

ஆனால் கேடு எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே தெலுங்கில் ‘கீடு’ என்றால் தீங்கு. நுண்குழற்கேடு, பெருங்குழற்கேடு என்று பிரித்தால் இன்னும் பயன்படும். கண்ணும் சிறுநீரகமும் முதல் வகை. மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தஓட்டக் குறைவு இரண்டாம் வகை. விழித்திரையில் கேடு கண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்ற நீரிழிவுக்காரர்களைவிடக் கூடுதல். கண் அதற்குக் காரணம் அல்ல, முன்கூட்டித் தெரியும் அடையாளம். ஒரே ஒரு கவலை: வயதான அம்மாக்கள் ‘கேடு’ என்றால் முகம் சுளிப்பார்களோ?

– – –

டாக்டருக்கு நன்றி.

முதல் தடையை முழுக்க ஏற்கிறேன். ரெட்டினோபதி என்ற பொதுச்சொல்லுக்கு ‘விழித்திரை நோய்’ இருக்கட்டும். நீரிழிவிலும் உயர் ரத்த அழுத்தத்திலும் வருவதற்கு மட்டும் ‘விழித்திரைக் குழற்கேடு’ என்று நம் சொற்பட்டியலில் எழுதலாம். நரம்புச் செல் பாதிப்பு விளக்கத்தில் ஒரு வரியாக வரட்டும். தலைச்சொல்லில் ‘நரம்பு’ வருவதற்கு மட்டும் என் மனம் ஒப்பவில்லை. ஏழு மாதச் சத்து மாத்திரையை என்னால் மறக்க முடியாது.

கேடு பற்றிய கவலைக்கு: ‘புகைபிடித்தல் உடல்நலத்திற்குக் கேடு’ என்று எல்லோரும் பார்த்துப் பழகிவிட்டோம். நேற்று பால் சொசைட்டியில் நான்கு அம்மாக்களிடம் ‘விழித்திரைக் குழற்கேடு’ என்ற சொல்லை மட்டும் வாசித்துக் காட்டினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர், “அப்ப கிட்னிக் குழலையும் பாக்கணுமா டீச்சர்?” என்று கேட்டார். சிறுநீரகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அறிக்கையின் தலைவரி இப்படிப் போகிறது: “சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரைக் குழற்கேடு வலி இல்லாமல் வரும். பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அழுத்தமும் சிறுநீரும் அதே நாளில் பார்க்கப்படும்.” வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். திருத்தம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.