ஐஎல்-2 1946 என்னும் போர்விமான விளையாட்டில் 88 மி.மீ. ஃப்ளாக் (ஜெர்மன் விமான எதிர்ப்புப் பீரங்கி) மாடல் சேர்ப்பது: அனுபவப் பகிர்வு

சுடுகுழல்:
எந்த வகை, ஃப்ளாக் 18-ஆ, 36-ஆ, 37-ஆ என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். "எல்லாம் 88தானே" என்று தொடங்கும் மாடல்தான் பாதியில் கதம்பமாகிறது. தொடக்ககால 18-க்குக் குழல் ஒரே துண்டு. 36-இல் பல துண்டு. புகைப்படங்களில் குழலின் மேல் தெரியும் தடித்த வளையம் அதனால் வந்தது. அளவுக்கு ஸ்கேன் செய்த வரைபடங்களை நம்புவதைவிடக் கணக்கை நம்பலாம்: எல்/56 என்றால் குழல் நீளம் குண்டு விட்டத்தைப்போல் 56 மடங்கு, 88 × 56, அதாவது 4.93 மீட்டர் குழல். சக்கர வண்டிகளைக் கழற்றி, சிலுவை அடித்தளத்தைத் தரையில் படியவிடுங்கள். சக்கரத்தோடு நின்று வானத்தைச் சுடும் 88 கண்ணை உறுத்தும்.

முக்கோணன்:
மெஷ் (மாடலின் 3டி வடிவம்) மூன்றாகப் பிரியும்: அசையாத அடித்தளம், பக்கவாட்டில் சுழலும் மேல்பகுதி, ஏறி இறங்கும் குழல். தகராறு எப்போதும் பிவட்டில்தான், அதாவது பாகம் சுழலும் மையப்புள்ளியில். குழலின் பிவட், அதைத் தாங்கும் இரு பக்கக் குமிழ்களின் நடுக்கோட்டில் இருக்கணும். மெஷ்ஷின் மையத்தில் விட்டால், 85 டிகிரிக்கு உயரும்போது பின்பகுதி அடித்தளத்தைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடும்.

பாகங்கள் எப்படி இணைகின்றன என்று சொல்லும் ஹிம் கோப்பின் அட்டாச்சிங் வரியில் 12 எண்கள்: முதல் 9 சுழற்சி, கடைசி 3 இருப்பிடம், மீட்டரில். பிளெண்டரில் (3டி மாடல் செய்யும் மென்பொருள்) சுழற்சியை அப்ளை செய்யாமல், அதாவது மாடலிலேயே நிலைப்படுத்தாமல், எக்ஸ்போர்ட் செய்தால் குழல் ஒருக்களித்துக் கிடக்கும். உடனே அந்த 9 எண்களில் கைவைக்கத் தோன்றும், வேண்டாம். சும்மா நிற்கும்போது சரியாகத் தெரியும். குறி பார்க்கத் தொடங்கியதும் தப்பான அச்சில் சுழலும். மூல மாடலைத் திருத்திவிட்டு 1 0 0 0 1 0 0 0 1 என்றே விடுங்கள்.

சுடுகுழல்:
முதல் குண்டிலேயே பீரங்கி தானே வெடித்தால் டெக்ஸ்சரைக் குடையாதீர்கள். குண்டு பிறக்கும் ஹூக் (இடத்தைக் குறிக்கும் புள்ளி), குழலின் மோதல் பெட்டிக்குள் (மோதலைக் கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத வடிவம்) மாட்டியிருக்கும். குழல்வாய்க்கு 20, 30 செ.மீ. முன்னே தள்ளினால் போதும்.

வான்புகை:
சுடும் வேகம் நிமிடத்துக்கு 15 முதல் 20 குண்டு. ஆகவே இடைவெளி 3 முதல் 4 விநாடி. இதைக் குறைத்தால் அது 88 இல்லை, இயந்திரத் துப்பாக்கி.

குறி தவறும் அளவைச் சுழியாக்குவதுதான் பெரிய சறுக்கல். குண்டு விநாடிக்கு 820 மீட்டரில் கிளம்புகிறது. காற்றுத்தடையே இல்லை என்று வைத்தாலும், நேர் மேலே 6,000 மீட்டர் ஏற 7.7 விநாடி. அதற்குள் 400 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் 850 மீட்டர் கடந்துவிடும். நிஜத்தில் தடையும் சேர்வதால் இன்னும் கூடுதல். வளைந்து பறப்பவன் தப்பவும், நேர்கோட்டில் போகிறவன் புகைக்கு நடுவே மாட்டவும் பிழைக்கு இடம் வேணும். நிஜப் பேட்டரியில் (பீரங்கித் தொகுதி) நான்கு பீரங்கிகளுக்கு ஒரே குறிக்கணிப்புக் கருவி. அதனால் தனிப் பீரங்கியை அபாரத் துல்லியமாக்கித்தான் சரிக்கட்டணும் என்றில்லை, நான்காக வையுங்கள்.

முக்கோணன்:
பண்புகளுக்கான டெக்னிக்ஸ் கோப்பில் மட்டும் எழுதிவிட்டு, பட்டியலுக்கான கோப்பில் சேர்க்காமல் விட்டால் மிஷன் பில்டர் (மிஷன் உருவாக்கும் கருவி) பட்டியலில் பீரங்கி வராது. லோடிங் பாதியில் நின்றால் முதலில் லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். பெரும்பாலும் பாதைப் பெயரில் ஓர் எழுத்துப் பிழைதான். கைச்சக்கரம், போல்ட் தலை எல்லாம் முதல் எல்ஓடியோடு (அருகில் பார்க்கும்போது வரும் விவரமான மாடல்) நிற்கட்டும். நிழல் மெஷ்ஷில் அவை வேண்டவே வேண்டாம். சோதனை மிஷனில் எட்டுப் பீரங்கியாவது வையுங்கள், ஒன்றை வைத்துப் பார்த்தால் ஃபிரேம் வேகம் இறங்குவது தெரியாது.